பீன்ஸுக்கு எதுக்குங்க மூணு விசில்?

மறுபடியும் அதே யோசனை, அதே வீடியோ. "குழந்தை காய் சாப்பிட மாட்டேங்குதா? கேரட்டைத் துருவி தோசை மாவுல கலந்துடுங்க, பீட்ரூட்டை அரைச்சு சப்பாத்தி மாவுல பிசைஞ்சுடுங்க, பீன்ஸைப் பொடியா நறுக்கி நூடுல்ஸ்ல போட்டுடுங்க, அதுக்குத் தெரியவே தெரியாது!" கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. எங்க ஒளிக்கலாம், எப்படி ஒளிக்கலாம்னு ஆயிரம் வழி சொல்றாங்க. அந்தக் காயை அந்தப் பிள்ளை ஏன் துப்புச்சுன்னு ஒருத்தராவது கேக்கறாங்களா? காயை ஒரு வாய் எடுத்துத் தானே ருசி பாக்கறாங்களா?

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு தோசையில துருவின கேரட் 2 டேபிள்ஸ்பூனுக்கு மேல போட்டா, கல்லை விட்டு எழும்பாமப் பிய்யும். 2 டேபிள்ஸ்பூன்னா ஏறக்குறைய 15 கிராம். 2 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் காயும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைஞ்சது 250 கிராம், 6 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும் 350 கிராம்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லியிருக்கு. 15 கிராம் அதுல எந்த மூலைக்கு? சரி, விழுதா அரைச்சுக் குழம்புலயும் மாவுலயும் நிறைய சேர்த்தா அளவு கூடும், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பிள்ளைக்குப் பீன்ஸ் அறிமுகமே ஆகலையே! பச்சையா இருக்கே இதுதான் பீன்ஸ், கடிச்சா இப்படி இருக்கும்னு அது எப்போ கத்துக்கும்? ஒரு நாள் தோசைக்குள்ள காய் இருக்கறது தெரிஞ்சா, காயோட சேர்த்து தோசையையும் ஒதுக்கிடும். அதுக்கப்புறம் எது கொடுத்தாலும் பிரிச்சுப் பிரிச்சுத்தான் பாக்கும்.

சாயங்காலம் தொடாமத் திரும்பி வருதே பீன்ஸ் பொரியல், அந்த டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டுப் பேசுவோம். அது எப்படித் தயாராச்சுன்னு ஒவ்வொரு அடியா பாருங்க. காலையில அவசரம். பீன்ஸை நார் எடுக்காமலே நறுக்கறாங்க, ஒரு துண்டு சுண்டுவிரல் நகம் அளவு, அடுத்தது அரை விரல் நீளம். அப்படியே குக்கர்ல கொட்டி, ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, உப்புப் போட்டு, மூடி, மூணு விசில். மூணு! பொடியா நறுக்கின பீன்ஸுக்குத் திறந்த வாணலியில 7 நிமிஷம் போதும். குக்கருக்குள்ள சூடு 120 டிகிரியைத் தொடும். சின்னத் துண்டு கூழாகுது, பெரிய துண்டுல நார் மட்டும் மிஞ்சுது. காயில இருந்து வர்ற அமிலம் ஆவியோட வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்துது. அந்த அமிலமும் சூடும் சேர்ந்து பச்சையத்துல இருக்கற மக்னீசியத்தை வெளிய தள்ளிடும், நிறம் காக்கியாயிடும். அதோட முடிஞ்சுதா? வெந்த தண்ணியை வடிச்சு சிங்க்ல ஊத்தறாங்க. வைட்டமின் சி, ஃபோலேட்ங்கற பி வைட்டமின், ருசி எல்லாம் கரைஞ்சிருக்கறது அந்தத் தண்ணியிலதான்!

இன்னும் கொடுமை பாக்கி இருக்கு. அந்தச் சொதசொதப்பைத் தாளிச்சு, தேங்காயைத் தூவி, கொதிக்கக் கொதிக்க டிபன் பாக்ஸ்ல அமுக்கி மூடியை இறுக்கறாங்க. ஆவி மூடியில முட்டித் தண்ணியா மாறி, சொட்டுச் சொட்டா காய் மேலயே விழுது. நாலு மணி நேரம் அது அந்த ஈரத்துலயே ஊறுது, சூட்டுல தேங்காயும் வாடை மாறுது. மத்தியானம் பிள்ளை மூடியைத் திறந்ததும் முதல்ல வர்றது அந்த ஊறல் வாடை. மூடி வச்சிடுது. வேற என்ன செய்யும்? சாயங்காலம் அதுக்குத் திட்டு. "கொழுப்பு, காயே இறங்க மாட்டேங்குது." பெரியவங்க யாராவது அதே பாக்ஸை மத்தியானம் திறந்து, ஒரு கரண்டி சாப்பிட்டுட்டு அப்புறம் திட்டட்டும்!

இதைச் சரியா செய்ய மந்திரமா வேணும்? கால் கிலோ பீன்ஸ், ரெண்டு பக்கமும் நார் எடுத்து, எல்லாம் ஒரே அளவா அரை சென்டிமீட்டருக்கும் குறைவா நறுக்குங்க. அகலமான வாணலியில 2 டீஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் கடுகு, 1 டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம். மிளகாய் வத்தலைக் கிள்ளாம முழுசா போடுங்க, பரிமாறும்போது எடுத்துடலாம். பருப்பு சிவந்ததும் காயைப் போட்டு, பெரிய தீயில ஒரு நிமிஷம் புரட்டி, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, 4 டேபிள்ஸ்பூன் தண்ணி தெளிங்க. முதல் 2 நிமிஷம் மூடவே கூடாது, அந்த அமிலம் வெளிய போகணும். அப்புறம் பாதி மூடி மிதமான தீயில 4, 5 நிமிஷம். ஒண்ணைக் கடிச்சுப் பாருங்க. பல்லுல லேசா எதிர்ப்பு இருக்கணும், பச்சை வாடை இருக்கக் கூடாது, வாணலியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. அடுப்பை அணைச்சுட்டு 2 டேபிள்ஸ்பூன் தேங்காய்த்துருவல். உடனே தட்டுல பரப்பி ஆவி அடங்கற வரைக்கும் 10 நிமிஷம் விட்டுட்டு பாக்ஸ்ல போடுங்க. இதுல குக்கர் எங்கயாவது வருதா?

அப்படியும் தொட மாட்டேங்குதா, பருப்பு உசிலி இருக்கே! அரை கப் துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவச்சு நல்லா வடிச்சு, ரெண்டு மிளகாய், உப்போட கொரகொரன்னு அரைச்சு, இட்லித் தட்டுல 12 நிமிஷம் வேகவச்சு உதிர்த்துக்கணும். அரைக்கும்போது தண்ணி விட்டா உதிராது, களி மாதிரி உருளும். உதிர்த்ததை எண்ணெய்ல மொறுமொறுன்னு புரட்டி, வெந்த பீன்ஸைக் கலந்துடுங்க. மோர்க்குழம்பு சாதத்துக்குத் தொட்டுக்க வைங்க. பீன்ஸ் கண்ணுக்கு முன்னாடி பச்சையா தெரியுது, ஒளியல, ருசியாவும் இருக்கு. இப்படி ஒரு சமையல் நம்ம வீட்டுலயே இருக்கும்போது நூடுல்ஸ் பாக்கெட்டுக்குள்ள காயைப் புதைக்கச் சொன்னா வயிறு எரியாதா?

மத்தக் காய்களுக்கும் இதே கதிதான். வெண்டைக்காயை நறுக்கிட்டுக் கழுவினா வழுவழுன்னு ஆகாம என்ன ஆகும்? முழுசா கழுவி, துணியில துடைச்சு, ஈரம் போக ஆறவிட்டு அப்புறம் நறுக்கணும். மூடாம வதக்கணும், உப்பு கடைசியில. ஒரு ஸ்பூன் புளித்தண்ணி விட்டா மிச்ச வழவழப்பும் அடங்கும். முட்டைக்கோஸ் வேக வேக கந்தக வாடை ஏறிக்கிட்டே போகும், பொடியா நறுக்கி 5 நிமிஷத்துல இறக்கணும். பீட்ரூட்ல வர்ற மண் வாடைக்கு ஜியோஸ்மின்னு பேரு, புளிப்பு பட்டா அது அடங்கும். தோலோட முழுசா வேகவச்சு, உரிச்சு, துருவி, தயிர்ல பச்சடி பண்ணுங்க. பாகற்காயை மெல்லிசா வட்டமா நறுக்கி, உப்புப் பிசிறி அரை மணி நேரம் கழிச்சுப் பிழியுங்க. அதுக்கப்புறமும் புளியும் வெல்லமும் இல்லாம அதைப் பிள்ளைங்க தட்டுல வைக்காதீங்க.

ஏன்னா பிள்ளைங்க நாக்கு நம்ம நாக்கு இல்ல. கசப்பு அதுங்களுக்குப் பெரியவங்களை விட அதிகமா தெரியும். முட்டைக்கோஸ், முள்ளங்கி வகைக் கசப்பை யாரு அதிகமா உணர்றாங்கங்கறதுல டிஏஎஸ்2ஆர்38-ங்கற ஜீனுக்குப் பங்கு இருக்கு. 2 வயசுல இருந்து 6 வயசு வரைக்கும் புதுச் சாப்பாட்டைக் கண்டா பயப்படறதும் வளர்ச்சியில ஒரு கட்டம். அதைப் போய் அடம், திமிர்னு பேர் வச்சு முதுகுல ஒண்ணு போடறதைப் பாத்தா ரத்தம் கொதிக்குது.

அடிக்காதவங்க லஞ்சம் கொடுக்கறாங்க. "ரெண்டு வாய் காய் சாப்பிடு, சாக்லேட் தரேன்." லீயன் பர்ச்ங்கற அமெரிக்க உளவியலாளர் குழு 1984-லயே இதைச் சோதிச்சுப் பாத்தாச்சு. கெஃபிர்ங்கற புளிச்ச பால் பானத்தைக் குடிச்சா பரிசுன்னு சொல்லிக் கொடுத்த சின்னப் பிள்ளைங்களுக்கு, நாளாவட்டத்துல அது மேல இருந்த விருப்பமே குறைஞ்சுது. லஞ்சம் கொடுத்தாத்தான் இறங்கும்னா, அது மோசமான பொருளாத்தான் இருக்கணும்னு பிள்ளைக்குப் புரிஞ்சுடுதுங்க!

செய்ய வேண்டியது பொறுமையா, திரும்பத் திரும்ப. ஒரு புதுக் காய் பழகறதுக்கு 8 தடவை, 15 தடவை கூட ஆகும். மூணாவது தடவையிலயே எல்லாரும் கைவிடறாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு துண்டு வைங்க, பக்கத்துல அது விரும்பற ஏதாவது ஒண்ணும் இருக்கட்டும். தொட்டுட்டு வச்சாலும் சரி, நக்கிட்டு வச்சாலும் சரி, வாயைத் திறக்காதீங்க. சாயங்காலம் பசியோட வரும்போது முறுக்கு டப்பாவுக்கு முன்னாடி, ஆவியில வெந்த கேரட் விரலும் கெட்டித் தயிரும் கண்ணுல படட்டும். 4 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைக்குப் பச்சைக் கேரட் துண்டைக் கடிக்கக் கொடுக்காதீங்க, தொண்டையில சிக்கும். விருந்தாளி முன்னாடி "எங்க பிள்ளை காயே தொட மாட்டான்"னு பெருமை மாதிரி சொல்றதை முதல்ல நிறுத்துங்க. அவன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்.

இவ்வளவும் செய்யணும்னா காய் பிஞ்சா இருக்கணும். வெண்டைக்காய் முனையை ஒடிச்சா சட்டுன்னு ஒடியணும், வளைஞ்சா முத்தல். அதைப் பாக்க விடறாங்களா? ஒடிச்சா கடைக்காரர் சண்டைக்கு வர்றார். சூப்பர் மார்க்கெட் போனா கால் கிலோவை ஒரு தட்டுல அடுக்கி, பிளாஸ்டிக் தாளை இறுக்கச் சுத்தி, மேல விலை ஒட்டி வச்சிருக்காங்க. மேல் வரிசை மட்டும் பச்சைப் பசேல்னு இருக்கும். வீட்டுக்கு வந்து பிரிச்சா அடி வரிசை பூரா முத்தல், நடுவுல ஒண்ணு அழுகல். வெண்டைக்காய்க்கு எதுக்குய்யா பிளாஸ்டிக் தாள்? தொட்டுப் பாத்து வாங்க விடுங்கய்யா!