லைலா முராதை ஓய்வுபெற வைத்தது யார்?

அரபுப் பாடகிகள் என்றால் நம்மில் பலருக்கு உம் குல்தூம், ஃபைரூஸ் பெயர்கள் தெரியும். லைலா முராத் என்றால் யார் அது என்கிறார்கள். 1940களின் எகிப்து சினிமாவில் அவர் பெயரையே தலைப்பில் வைத்துப் படம் எடுத்தார்கள். 'கிராமத்துப் பெண் லைலா', 'லைலா', 'இருளில் லைலா' என்று வரிசையாக எடுத்தவர் இயக்குநர் தோகோ மிஸ்ராஹி.

1918இல் எகிப்திய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் லைலா. அப்பா ஸக்கி முராதும் பாடகர்தான். 1938இல் பாடகரும் இசையமைப்பாளருமான முகமது அப்துல் வஹாபுக்கு ஜோடியாக நடித்த படம் அவரை நட்சத்திரமாக்கியது. 1945இல் நடிகரும் இயக்குநருமான அன்வர் வக்தியைத் திருமணம் செய்துகொண்டார். அப்புறம் இஸ்லாத்தைத் தழுவினார்.

அவர் படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் 1949இல் வந்த 'கஸல் அல் பனாத்'தைப் பாருங்கள். அரபுப் பாடத்தில் தோற்ற, பாஷா (எகிப்தின் பிரபு) வீட்டுப் பெண் லைலா. அவருக்குப் பாடம் சொல்லித்தர வருகிற ஏழை வாத்தியார் நஜீப் அல் ரிஹானி. வாத்தியாரையும் இழுத்து வைத்துக்கொண்டு அரபு எழுத்து வரிசையையே பாட்டாக்கிவிடுவார் லைலா. கடைசியில் அப்துல் வஹாப் பாடுவதை இருவரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். தன் காதல் கைகூடாது என்று வாத்தியாருக்கு அப்போதுதான் உறைக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் முகத்தாலேயே அதைச் சொல்கிறார் ரிஹானி. படம் திரைக்கு வருமுன் அவர் இறந்தும் போனார். யூதக் குடும்பத்தில் பிறந்த நாயகி, கிறிஸ்தவ நடிகர், முஸ்லிம் இசையமைப்பாளர் என்று எல்லோரும் சேர்ந்து செய்த படம் அது. அன்றைய கெய்ரோவில் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை.

1952இல் வந்தது அந்த வதந்தி. லைலா இஸ்ரேலுக்குப் போனார், அந்த நாட்டுக்கு 50,000 பவுண்டு நன்கொடை கொடுத்தார் என்று சிரியாவில் கிளம்பியது. அங்கே அவருடைய பாடல்களுக்கும் படங்களுக்கும் தடை போட்டார்கள். உண்மையில் அந்தக் கோடையில் அவர் பிரான்ஸில் இருந்தார். எகிப்து ராணுவம் அவருடைய வங்கிக் கணக்கு வரைக்கும் துருவிப் பார்த்துவிட்டு, குற்றமற்றவர் என்று அறிவித்தது. அதே ஆண்டு மன்னராட்சியைக் கவிழ்த்த ராணுவப் புரட்சியைப் போற்றி அவர் பாடியும் இருந்தார். ஒரு கலைஞர் தன் நாட்டுப்பற்றை நிரூபிக்க இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

1955இல் கடைசிப் படம். அப்போது அவருக்கு 37 வயது. அதற்குப் பிறகு எப்போதாவது வானொலியில் பாடினார், அவ்வளவுதான். 1995இல் இறக்கும் வரை, 40 ஆண்டுகள், திரைக்குத் திரும்பவே இல்லை.

'புகழின் உச்சியில் கௌரவமாக ஒதுங்கிக்கொண்டார்' என்று இதைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. விவாகரத்து, குழந்தைகள் என்று சொந்தக் காரணங்களும் இருந்திருக்கும், சரி. ஆனால் குரலில் எந்தக் குறையும் இல்லாத ஒருவர், தேசத்துரோகி என்ற பழியைச் சுமந்த மூன்றே ஆண்டுகளில் சினிமாவை விட்டுப் போகிறார் என்றால், அதை வெறும் ஓய்வு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பழி போட்டவர்களிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. கணக்கு காட்ட வேண்டியிருந்தது லைலாதான்.

எகிப்தின் மெர்ஸா மத்ரூஹ் கடற்கரையில் அவர் பெயரால் அழைக்கப்படும் பாறை ஒன்று இருக்கிறது. 1950இல் வந்த படத்துக்காக அவர் அங்கே பாடியதால் வந்த பெயர். சுற்றுலா போகிறவர்கள் அதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், நல்லதுதான். அந்தப் படத்துக்குக் கீழே 1952இல் நடந்ததையும் இரண்டு வரி எழுதுங்கள்.