பூட்டிய குளத்துக்கு என்னத்துக்குக் காசு?

இங்கே லண்டனில் ஏப்ரலில் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வரிக் கடிதம் வந்து விழுந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புலம்பல் தொடங்கிவிடும். இந்த முறை ஒரு அண்ணை பழைய கணக்கொன்றைத் தோண்டியெடுத்தார். "கொரோனா நேரம் பூட்டிக் கிடந்த லீஷர் சென்ரருக்கெல்லாம் எங்கட காசை அள்ளிக் குடுத்தவங்கள். ஒருத்தரும் நீந்தாத குளத்துக்கு என்னத்துக்குக் காசு?" கீழே வரிசையாகக் கைதட்டல்கள். அங்கே பதில் எழுதினால் சண்டையில்தான் முடியும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீச்சல் குளம் கடை மாதிரியில்லை, அண்ணை. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போக ஏலாது. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்போதைய பிரதமர் பொரிஸ் ஜோன்சன் ரிவியில் வந்து பப், உணவகம், ஜிம், லீஷர் சென்ரர் எல்லாவற்றையும் மூடச் சொன்னார். சரி, மூடியாயிற்று. தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டால் செலவு மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் வெறுமையான குளத்தின் ஓடுகள் காய்ந்து கழன்றுவிடும், அடியில் நிலத்தடி நீர் இருந்தால் அது கீழிருந்து தள்ளும். அதனால் பெரும்பாலும் தண்ணீரை உள்ளேயே விட வேண்டியிருந்தது. தண்ணீர் நின்றால் பம்ப் ஓட வேண்டும், குளோரின் பார்க்க வேண்டும். ஒருத்தரும் குளிக்காத ஷவரைக்கூடக் கிழமைக்கொரு தடவை திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் லெஜியோனெல்லா கிருமி வளரும். வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்த ஃபர்லோ திட்டத்தில் வேலையாட்களின் சம்பளத்தில் 80 வீதம் வந்தது. பம்புக்கு ஃபர்லோ கிடையாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கட்டடம் கவுன்சிலுடையது என்றாலும், நடத்துவது பல இடங்களில் ஒரு அறக்கட்டளையோ தனியார் நிறுவனமோதான். லண்டனில் நாங்கள் அட்டை வைத்திருக்கும் 'பெற்றர்' (Better) சென்ரர்களை நடத்துகிற ஜிஎல்எல், 1993இல் கிரீனிச்சில் தொடங்கிய ஒரு சமூக நிறுவனம். இவர்களுக்கு வருமானம் என்பது எங்கள் மாதக் கட்டணமும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக் காசும்தான். அது ஒரே நாளில் நின்றுபோனது. அந்த நேரம் கவுன்சில் கைகொடுக்காமல் விட்டிருந்தால் நடத்துபவர் முறிந்துபோய், சாவிக்கொத்தைக் கவுன்சிலிடமே கொண்டுவந்து போட்டிருப்பார். வேலையாட்கள், கொதிகலன், ஒழுகும் கூரை எல்லாம் சேர்த்துத்தான். கவுன்சில் காப்பாற்றியது தன்னுடைய சொத்தைத்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குக் கோபம் மத்திய அரசாங்கத்தின் கணக்கில்தான். 2020 ஜூலையில் ஒரு ஈடு கொடுக்கும் திட்டம் அறிவித்தார்கள். எதிர்பார்த்த கட்டண வருமானத்தில் முதல் 5 வீத நட்டத்தைக் கவுன்சில் தாங்க வேண்டும், அதற்கு மேல் போனால் பவுணுக்கு 75 பென்ஸ் அரசாங்கம் தரும். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் அது கவுன்சில் தானே வாங்கும் கட்டணத்துக்கு மட்டும். அறக்கட்டளையின் கல்லாவில் விழ வேண்டிய காசு விழாமல் போனால் அது கணக்கில் வராது. ஒரே மாதிரிக் குளம், ஒரே நட்டம், கல்லாவில் யார் பெயர் என்பதுதான் வித்தியாசம்! பிறகு இந்த ஓட்டையை அடைக்க 100 மில்லியன் பவுண் நிதி ஒன்று வந்தது. விளையாட்டுக்கு அரசாங்கக் காசைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்போர்ட் இங்கிலாந்து அதற்கு விண்ணப்பம் கேட்டது டிசம்பரில். மார்ச்சிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

அதோடு, இங்கிலாந்தில் நூலகம் நடத்துவது கவுன்சிலின் சட்டக் கடமை, 1964ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீச்சல் குளத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. கை இறுகும்போது முதலில் வெட்டு விழுவது எங்கே என்று சொல்லத் தேவையில்லை. ஈலிங் அம்மன் கோயிலுக்கு வந்து போகிறவர்களுக்கு கேர்னல் லீஷர் சென்ரரைத் தெரிந்திருக்கும். லண்டனில் 50 மீற்றர் குளம் இருந்த சில இடங்களில் அதுவும் ஒன்று. 2020 மார்ச்சில் பூட்டியது, அந்தக் கட்டடம் பிறகு திறக்கவேயில்லை. குரொய்டனில் பேர்லி குளமும் அந்த மார்ச்சில் பூட்டியதுதான், மற்றவை திறந்தபோது அது திறக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் குரொய்டன் கவுன்சிலே கையில் காசில்லை என்று அறிவித்துவிட்டது.

எங்கள் பக்கத்துச் சென்ரர் தப்பிவிட்டது. ஆனால் அம்மாவுக்கு அதனால் என்ன பலன்?

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஊரில் கீரிமலைக் கேணியில் பெண்கள் பக்கத்துப் படியில் இருந்து செம்பால் அள்ளி ஊற்றியதோடு சரி, தண்ணீருக்குள் இறங்கியதில்லை. 63 வயதில் இங்கேதான் இறங்கினா. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பெண்களுக்கு மட்டுமான நேரம். கண்ணாடிச் சுவருக்குத் திரை இழுத்திருப்பார்கள், லைஃப்கார்டும் பெண். ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி அங்கும் இங்குமாக நடப்பா. கூட சோமாலிப் பெண்கள், குஜராத்தி மாமிகள், எங்கட ஆட்கள் ஏழெட்டுப் பேர். நீந்தியதைவிடக் கதைத்ததுதான் கூட.

2020 ஜூலை 25 குளங்களைத் திறக்கலாம் என்றார்கள். எங்கள் சென்ரர் திறந்தபோது கால அட்டவணையில் செவ்வாய்க்கிழமை அந்த நேரம் இல்லை. பெண் லைஃப்கார்டுகள் போதாது என்றார்கள். முன்பதிவு அப் வழியாக மட்டும் என்றார்கள். பிறகு நவம்பரில் பூட்டு, டிசம்பரில் திரும்பவும் பூட்டு, 2021 ஏப்ரல் 12 திரும்பத் திறப்பு. பெண்களின் நேரம் திரும்பி வந்தது அதற்கு அடுத்த வருடம், அதுவும் மாதத்துக்கு இரண்டு தடவை. அதற்குள் அம்மா மாடிப்படியை இருந்து இருந்து ஏறப் பழகிவிட்டா.

காசு கொடுத்தபோது எங்கள் கவுன்சில் ஒரு வரி எழுதியிருக்கலாம்: திறக்கும் அன்றைக்கே பெண்களின் நேரமும், வயதானவர்களின் நேரமும், இயலாதவர்களின் நேரமும் திரும்ப வர வேண்டும் என்று. அப்படி எழுதினார்களா என்று இரண்டு தடவை எங்கள் கவுன்சிலருக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது.

அண்ணை, உங்கட மாமியும் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்களில் ஒருவர்தான். ஒருத்தரும் நீந்தாத குளத்தைப் பற்றி முதலில் அவவைக் கேளுங்கோ.