உடைந்தது எந்த மரபு?

2024 செப்டம்பர் 5ஆம் நாள், நியூசிலாந்தின் வைகாட்டோ ஆற்றங்கரையில் இருக்கும் ஙாருவாவாஹியா என்ற சிற்றூரில், அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரியரின் மறைந்த அரசர் தூஹெய்தியாவின் உடல் அடக்கத்துக்குப் புறப்படும் முன்பாகவே, அவருடைய ஒரே மகளை, வீட்டின் கடைக்குட்டியை, 27 வயதில் அரியணையில் அமர்த்தினார்கள். அவருக்கு அண்ணன்மார் இருவர் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் ஙா வாய் ஹோனோ இ தே போ. (நம் அரிச்சுவடியில் பெரும்பாலும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'ங'வுக்கு மாவோரி மொழியில் சொல்லின் முதலிலேயே இடம் உண்டு என்பதை அன்றுதான் கவனித்தேன்.) முகவாயில் பச்சை குத்திய அந்த இளம் முகம் நம் முகநூல் பக்கங்களிலும் வலம் வந்தது. ஆண் வாரிசு என்ற மரபை ஒரு பெண் உடைத்துவிட்டார் என்று நண்பர்கள் சிலர் மகிழ்ந்து எழுதியிருந்தார்கள்.

அவர்களுடைய மகிழ்ச்சியில் எனக்குக் குறை இல்லை. 'உடைத்துவிட்டார்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. மாவோரி அரச பதவி தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குத் தானாக இறங்குவதன்று. 1858இல் முதல் அரசரை ஏற்படுத்தியது முதல், ஒருவர் மறைந்ததும் குலத்தலைவர்கள் கூடி அடுத்தவரைத் தேர்ந்து அமர்த்துகிறார்கள். முதல் ஐவரும் ஆண்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆறாவதாக வந்தவர் இந்தப் பெண்ணின் பாட்டி, தே அதாயிரங்கிகாஹு. 1966 முதல் 2006 வரை நாற்பது ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தவர். பாட்டி உட்கார்ந்த இடத்தில் பேத்தி உட்கார்ந்திருக்கிறார். இதில் உடைந்தது மாவோரி மரபா, அல்லது மாவோரி மரபைப் பற்றி நாம் வைத்திருந்த எண்ணமா?

பழங்குடிச் சமூகம் ஒன்றில் ஒரு பெண் எழுந்து நின்றால், அவள் எதிரில் நிற்பது அந்தச் சமூகத்தின் ஆதி மரபு என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். மாவோரி வரலாற்றைப் படிக்கப் படிக்க, தடுத்தவரின் கையில் இருந்த விதி பல நேரங்களில் தடுக்கப்பட்ட பெண்ணின் பாட்டியை விட வயதில் இளையது என்று தெரிகிறது. 1840இல் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு மேல் பெண்கள். ஒப்பம் வாங்கக் கப்பலேறிப் போன பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர், உயர்குடிப் பெண் ஒருவர் தானும் கையெழுத்திட வந்தபோது, பெண் என்பதற்காகவே மறுத்தார். அவருடைய ஊரில் திருமணமான பெண்ணின் உடைமை கணவனுக்குச் சொந்தம். அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலே அவர் இந்தத் தீவுகளுக்கு வந்திருந்தார். நிலத்துக்கும் குலத்துக்கும் தன் பெயரில் உரிமை கொண்டாடிய பெண்களுக்கு அது புதிதாக இருந்திருக்கும். கிழக்குக் கரையில் பல குலக்கிளைகள் இன்றும் மூதாட்டிகளின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன.

மொழியும் இதற்குச் சாட்சி சொல்கிறது. மாவோரியில் 'ஹபூ' என்றால் குலக்கிளை. கருவுற்றிருத்தலும் அதே சொல்தான். 'ஃபானவ்' என்றால் குடும்பம், பிறத்தலும் அதுவே. 'ஃபெனுவா' என்பது நிலத்தையும் நஞ்சுக்கொடியையும் ஒருசேரக் குறிக்கும். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. அவன், அவள் என்ற வேறுபாடே அந்த மொழியின் படர்க்கைப் பெயரில் இல்லை, இருவரும் 'இயா'தான். சொல்லை வைத்துச் சமூகத்தை அளந்துவிட முடியாது என்பதை நான் அறிவேன். 'அவர்' என்ற பொதுச்சொல்லை வைத்திருக்கும் நாம் யாருக்கு அதைத் தருகிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பது நமக்கே தெரியும். இருந்தாலும், பெண்ணின் உடலிலிருந்து குலத்துக்கும் நிலத்துக்கும் பெயர் எடுத்த ஒரு மொழியைப் பேசுகிறவர்களிடம், பெண் பின்னால்தான் நிற்க வேண்டும் என்ற எழுதாத விதி தொன்றுதொட்டே இருந்தது என்று சொன்னால் கொஞ்சம் தயங்கத்தான் தோன்றுகிறது.

ஒரு பெண்ணின் கதையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1895இல் வடக்கே ஹோக்கியாங்காப் பகுதியில் பிறந்தவர் ஃபீனா. பிற்காலத்தில் ஃபீனா கூப்பர். தந்தை ஹெரேமியா தே வாக்கே ஊர்த்தலைவர், கத்தோலிக்க வேதபோதகர். தன் பிள்ளைகளில் இந்தப் பெண்ணிடம்தான் தலைமையைக் கண்டு, வம்சாவளியையும் ஊர் வழக்குகளையும் அவர் கற்றுக்கொடுத்தார். அதே தந்தை, மகளுக்குப் பதினாறு வயதானபோது, தெற்கே பெரிய குலம் ஒன்றின் தலைவருக்கு, மனைவியை இழந்தவருக்கு, அவரை மணமுடிக்க விரும்பினார். ஃபீனா மறுத்துவிட்டார். பேசக் கற்றுக்கொடுத்தவருக்கு முதல் மறுமொழி அதுவாக அமைந்தது.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஊரார் கடலுணவு சேகரித்து வந்த சேற்றுநிலத்தை ஒரு வெள்ளைக்கார விவசாயி குத்தகைக்கு எடுத்து, நீரை வடித்து வயலாக்குவதற்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். பெரியவர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பிக் காத்திருந்தார்கள். மனு போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று உணர்ந்த ஃபீனா, ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய், அந்த மனிதர் வெட்ட வெட்ட வாய்க்காலை மூடினார். ஒரு பக்கம் மண்வெட்டி தோண்டுகிறது, மறுபக்கம் மண்வெட்டி தூர்க்கிறது. காவலர்கள் வரவழைக்கப்பட்டார்கள்; ஆனால் கடைசியில் அந்தக் குத்தகையே கைவிடப்பட்டது. இங்கே அவர் எந்த மரபை எதிர்த்தார் என்று தேடிப் பாருங்கள். எதிரில் நின்றது ஒரு குத்தகைப் பத்திரம். ஊராரில் அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அவர் பெண் என்பதால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடவில்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1975 செப்டம்பர் 14 அன்று, 79 வயதில், வடமுனையில் உள்ள தே ஹாப்புவாவிலிருந்து பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அதே பெண் நடக்கத் தொடங்கினார். மாவோரி நிலம் இனி ஓர் ஏக்கர்கூடப் பறிபோகக் கூடாது என்பதே முழக்கம். அக்டோபர் 13 அன்று ஏறத்தாழ 5,000 பேரோடு வெலிங்டன் நாடாளுமன்றத்தை அடைந்து, 60,000 பேர் கையெழுத்திட்ட மனுவை அவர்கள் கொடுத்தார்கள். அவர் புனிதர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1951இல் மாவோரிப் பெண்கள் நல அமைப்பின் முதல் தலைவரானபோது எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறார் என்று உடனிருந்தவர்களே சலித்துக்கொண்டார்கள். நடைப்பயணம் முடிந்த பிறகு நாடாளுமன்ற வளாகத்திலேயே தங்கிப் போராட விரும்பிய இளைஞர்களை அவர் கைவிட்டார். தலைமைக்கு வருகிற பெண் தாய்மையே உருவாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

இனி நான் சொல்லப்போவது மேலே சொன்னதற்கு எதிராகவே தோன்றும். வெள்ளையர் வருவதற்கு முன் எல்லாம் சமமாகவே இருந்தது என்று எழுதினால் அதுவும் கதைதான். மாவோரியரின் பொதுக்கூடத்துக்கு மராய் என்று பெயர். முன்னோர் பெயர் தாங்கிய மண்டபமும் அதன் எதிரே திறந்த முற்றமும் சேர்ந்தது அது. விருந்தினர் நுழையும்போது ஒரு பெண் குரலெடுத்து அழைக்க வேண்டும். அந்த அழைப்பு எழாமல் எவ்வளவு பெரிய மனிதரும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. அதற்குப் பிறகு முறைப்படி எழுந்து உரை நிகழ்த்துவது மட்டும் பெரும்பாலான குலங்களில் ஆண்களின் பணி. வந்தவர் பகைவராக இருந்தால் முதல் ஈட்டி முன்வரிசையில் பாயும், பெண் மனித இனத்தின் வீடு, அவளைக் காக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். அழகான காரணம்தான். ஆனால் இன்று யாரும் ஈட்டியோடு வருவதில்லை. காப்பாற்றுவதற்காக வாயை மூடவைக்கும் காரணங்களைக் கேட்டால் எந்த நாட்டுப் பெண்ணுக்கும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

கிழக்குக் கரையில் உயர்குடிப் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் உண்டு. அங்கிருந்து வந்த மிஹி கோதுகுதுகு என்ற தலைவி, ரோதோருவாவில், பெண்கள் பேசக்கூடாத ஒரு மராயில் எழுந்து பேசினார். அவ்வூரின் முதிய தலைவர் மீத்தா தவ்போக்கி அவரை உட்காரச் சொல்லிக் கடிந்தார். மிஹி உட்காரவில்லை. பேசி முடித்துவிட்டு இருவருடைய வம்சாவளியையும் ஒப்பித்து, தன் கொடிவழி மூத்தது, அவருடையது இளையது என்று நிறுவினார். முடிவில் அவர் செய்த சைகையை விவரித்தால் இங்கே சிலர் முகம் சுளிக்கலாம். நீங்கள் எல்லாரும் வந்த வழி இதுதான் என்று காட்டினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வம்சாவளி, வயதுமுறை, மராயில் செல்லுபடியாகும் வசை என எல்லாமே மரபின் கையிருப்பிலிருந்துதான் வந்தன. ஒரு குலத்தின் மரபைக் கொண்டு இன்னொரு குலத்தின் மரபை அவர் வாதில் வென்றார்.

பெண்ணைத் தடுப்பவர் எப்போதும் ஆணாகவே இருப்பார் என்பதும் இல்லை. முதல் உலகப்போரில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்துத் தம் மக்களை வழிநடத்தியவர் இளவரசி தே புவேயா. புதிய அரசி அமர்ந்த தூரங்கவாயெவாயெ மராயை எழுப்பியவரும் அவரே. 1949இல் இரியாகா ராத்தனா என்ற பெண் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றபோது, தங்கள் குலத்தின் தோணிக்கு ஒரு பெண் தலைவியாக வருவதா என்று எதிர்த்துப் பேசியவரும் இதே தே புவேயாதான். இரியாகா கருவுற்றிருந்த நேரம் அது. அவர் வென்று, நாடாளுமன்றத்துக்குச் சென்ற முதல் மாவோரிப் பெண்ணானார்.

1998இல் வைதாங்கியில் நடந்தது இன்னும் சிக்கலானது. எதிர்க்கட்சித் தலைவர் ஹெலன் கிளார்க் மராயில் பேச அழைக்கப்பட்டபோது, தீதேஃபாய் ஹராவீரா என்ற மாவோரிப் பெண் செயற்பாட்டாளர் குறுக்கிட்டுத் தடுத்தார். மாவோரிப் பெண்களுக்கே இல்லாத உரிமை வெள்ளைக்காரப் பெண்ணுக்கு எப்படி வந்தது என்பது அவருடைய கேள்வி. கிளார்க் கண்ணீர் விட்ட படம் நாடெங்கும் ஓடியது. அடுத்த ஆண்டு அவர் பிரதமரானார். ஹராவீராவின் கேள்வி மட்டும் அங்கேயே நிற்கிறது. அவரைப் பழமைவாதி என்று ஏசுவது எளிது. எனக்கு அது இயலவில்லை.

இதே கேள்வியின் மூத்த வடிவத்தை 1893 மே மாதம் மாவோரியர் தமக்கென நடத்திய நாடாளுமன்றத்தில் மேரி தே தாய் மங்ககாஹியா எழுப்பினார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. பெண்களுக்கு வாக்கு மட்டும் போதாது, அவையில் உட்காரும் உரிமையும் வேண்டும் என்றார். நிலம் வைத்திருக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள் என்று காரணம் சொன்னார். ஆண்கள் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய மனுக்களால் ஒன்றும் விளையவில்லை, அரசியும் பெண்தானே, பெண்கள் சொன்னால் ஒருவேளை கேட்பார் என்றும் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் உரிமைக்கு 1919 வரை காத்திருந்தார்கள்.

மங்ககாஹியா பேசிய நூறாவது ஆண்டில், 1993இல், மீன்வள ஆணையம் ஒன்றுக்கான இறுதிப் பட்டியலிலிருந்து மீரா சாசி என்ற மூத்த மாவோரித் தலைவியின் பெயரை அரசு நீக்கியது. உடன்படிக்கையில் உறுதியளிக்கப்பட்ட தங்கள் தகுதியை அரசே தொடர்ந்து கீழறுத்து வருகிறது என்று மாவோரிப் பெண்கள், அவ்வுடன்படிக்கை மீறப்பட்டதாக வரும் புகார்களை விசாரிக்கும் வைதாங்கித் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள். அம்முறையீட்டில் தங்கள் மரபை அவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அதைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைத்தார்கள். முறையிட்டவர்களில் ஒருவர் 97 வயது ஃபீனா கூப்பர். மறு ஆண்டு மார்ச் மாதம் பாங்குருவில், சிறுவயதில் வாய்க்காலைத் தூர்த்த அதே ஊர்ப்பக்கத்தில், அவர் இறந்தார். அந்த முறையீட்டின் மீது விசாரணை தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.