"ஆல்மோஸ்ட் தேர்" என்று சொல்லும் நல்ல உள்ளங்களுக்கு

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் ப்ரைட் ஏஞ்சல் பாதை வழியாகக் குஷியாக இறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் ஒரு வேண்டுகோள். எதிரே நாக்குத் தள்ள ஏறி வருகிறவனைப் பார்த்து "யூ ஆர் ஆல்மோஸ்ட் தேர்!", அதாவது கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள் என்று சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அன்றைக்கு அதை நான் பதினேழு முறை கேட்டேன். ஆமாம், எண்ணினேன். ஏறுகிறவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறு என்ன வேலை? முதல் ஆள் அதைச் சொன்னது ஜேக்கப்ஸ் லேடர் என்கிற கொண்டை ஊசி வளைவுகளில். அங்கிருந்து மேல் விளிம்புக்கு 3 மைலுக்கு மேல் இருக்கிறது. அதற்குப் பெயர் ஆல்மோஸ்ட்டாம்!

மலை என்றால் முதலில் ஏற வேண்டும். முடியவில்லையா, திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் கதை தலைகீழ். சொகுசெல்லாம் முதலில் வந்துவிடும், கடன் கடைசியில்தான் வசூலாகும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் முகாமிலிருந்து தென்விளிம்புக்கு 9.5 மைல், ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 4,400 அடி. மேலே ஜில்லென்று காற்று அடிக்கும் அதே நாளில் அடியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். இறங்கின நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்கு என்று சும்மா சொல்லவில்லை.

சரி, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். நான் சாவகாசமாகக் கிளம்பியது 7 மணிக்கு. பாதி வழியில் மர நிழல் இருக்கும் ஹவாசுபாய் கார்டன்ஸ் வந்து சேர்ந்தபோது பத்தரை. கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை ஏறாதீர்கள் என்பது அங்கே பாலபாடம். காட்டன்வுட் மர நிழலில் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். எழுந்து நடந்தேனே, அது முழுக்க என் கொழுப்பு. அதற்கு யாரையும் திட்டவில்லை.

திட்டுவது அப்புறம் நடந்ததற்கு. விளிம்பிலிருந்து மூன்று மைல் கீழே இருக்கும் ஓய்விடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து வந்த ஒருவர், சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை, "அடுத்த குழாய் இதோ, பதினைந்து நிமிடம்தான், எதற்குச் சுமக்கிறீர்கள்?" என்றார். வெயிலில் புத்தி எங்கே வேலை செய்கிறது? ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த குழாய் 1.5 மைல் தள்ளி, ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. அவருக்கு அது இறக்கம், பதினைந்து நிமிடம் போலத் தோன்றியிருக்கும். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

பாதி வழியில் இன்னொரு புண்ணியவதி: "அடுத்த வளைவுதான்!" அதை நம்பி மிச்சமிருந்த தண்ணீரைத் தொப்பியைக் கழற்றித் தலையில் ஊற்றிக்கொண்டேன். குளிப்பதற்கு வைத்த வெந்நீர் போல இருந்தது. ஆனாலும் இரண்டு நிமிடம் சொர்க்கம். வளைவைத் திரும்பினேன். இன்னொரு கொண்டை ஊசி வளைவு. அதைத் திரும்பினேன். இன்னொன்று. அதற்குள் சட்டை காய்ந்து, முதுகுப் பைப் பட்டை இருந்த இடத்தில் உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்துவிட்டது. சிவந்த பாறை அடுப்பு போல அனலை என் பக்கமே திருப்பி அடித்தது. நிழல் என்று ஒதுங்கின ஒரே இடத்தில் கோவேறு கழுதைகள் எனக்கு முன்பே வந்து குளம் கட்டிவிட்டுப் போயிருந்தன. அந்த நாற்றத்தோடு நின்றேன். நிழல் நிழல்தானே.

அடுத்து, "நிறையத் தண்ணீர் குடியுங்கள்!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறவர்கள். தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து, உப்பாக எதுவும் தின்னாவிட்டால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆளையே சாய்த்துவிடும். அந்தப் பாதையில் வெயிலோடு சேர்த்துப் பயப்பட வேண்டிய விஷயம் அது. இலவசமாகச் சொல்வதையாவது முழுசாகச் சொல்லக் கூடாதா? ஏறி வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது மட்டும் இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டு நாலு பேர் வரிசை கட்டி வருவார்கள், ஓரத்தில் ஒதுங்குவது நான்.

உச்சகட்டம் கடைசியில். "ஒரு சுரங்கவழி வரும், அதைத் தாண்டினால் முடிந்தது" என்றான் ஒரு பையன். பாறையைக் குடைந்த சுரங்கவழி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தாண்டினேன். அந்தப் பாதையில் சுரங்கவழி இரண்டு. முதலில் வருவதைத் தாண்டிய பிறகும் முக்கால் மைல் இருக்கிறது.

பதினேழு பேருக்கு நடுவில் ஒரே ஒரு அம்மா மட்டும் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நீங்கள் போகிற வேகத்துக்கு இன்னும் ஐம்பது நிமிடம். மூன்றாவது வளைவில் இடது பக்கம் நிழல் இருக்கிறது, உட்கார்ந்துவிட்டுப் போங்கள்" என்றார். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் மூன்றாவது வளைவில் நிழல் இருந்தது.

மேலே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மணி 4. செருப்புக் காலோடு, கையில் அரை லிட்டர் பாட்டிலோடு ஒருவர் வந்து, "ஆறு பக்கத்திலா?" என்று கேட்டார்.

"போக 8 மைல், திரும்ப 8 மைல். இப்போது போகாதீர்கள்."

சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.