பலாக்கொட்டையின் பழுப்புத் தோல் விஷமில்லை

பழுப்புத் தோல் விஷம், கத்தியால் முழுக்கச் சுரண்டணும்னு சிலர் சொல்றாங்க. அது தப்புங்க. உரிக்க வேண்டியது வெளியே இருக்கற வெள்ளைத் தோலை மட்டும்தான். ஈரக்கொட்டையில் அது வழுக்கும், நகம்தான் நோகும். கழுவி, நிழலில் ரெண்டு நாள் காய வைங்க. வெள்ளைத் தோல் காகிதம் மாதிரி மொறுமொறுன்னு விலகி நிக்கும். அம்மிக் குழவியால் மெல்ல ஒரு தட்டு, கையோட வந்துடும். பழுப்புத் தோல் சாப்பிடக் கூடியதே. வேண்டாம்னா வெந்தபின் தேய்ச்சா பாதி போயிடும், கூட்டுக்கு அது போதும்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் வைகாசியில் பண்ருட்டிப் பலாப்பழம் வந்து இறங்கறப்போ கொட்டையை அடுப்பில் சுட்டுத் தின்பாங்க. சுடறதுக்கு முன்னால் கொட்டையைக் கட்டாயம் கீறுங்க. கீறாவிட்டால் உள்ளே நீராவி அடைஞ்சு வெடிச்சு முகத்தில் தெறிக்கும். பச்சையாத் தின்ன வேண்டாம்.