காசிமேட்டோடு கேமராவை மூடிவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன் வாங்க வருகிறவர்களுக்குச் சமமாகப் படம் எடுக்க வருகிறவர்களும் நிற்பார்கள். ஏலக்கூடை, ஐஸ் பெட்டி, வியர்த்த முகம், பின்னால் சிவந்த வானம். எடுத்து முடித்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அவற்றில் அருமையான படங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து நாலு தெரு நடந்தால் தையல்கடை இருக்கிறது, ரேஷன் கடை வரிசை இருக்கிறது, வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கிறது. அந்தப் பக்கம் ஒரு கேமராவும் திரும்புவதில்லை. வடசென்னை என்றால் மீன், குத்துச்சண்டை, குப்பைமேடு, ரவுடி என்று நாலே நாலு படத்துக்குள் எங்களை அடைத்துவிட்டார்களே என்ற கோபம் எனக்கு வெகுநாளாக உண்டு.

வெளியாட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே குடியிருக்கிற நாம்தான் எடுக்க வேண்டும். காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிற அதே கைபேசியை ஒரு நாளாவது வாசலுக்கு வெளியே நீட்டுங்கள்.

எங்கள் பக்கத்தில் வழி சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அகஸ்தியாவில் இறங்கு, பென்சில் ஃபேக்டரி தாண்டி வா, அஜாக்ஸில் திரும்பு. அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடப்பட்டது. தண்டையார்பேட்டையில் ஒரு தலைமுறையே அங்கே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியிருக்கிறது. எங்கள் சொந்தபந்தத்தில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன், அதன் முகப்பு தெரிகிற ஒரு படம்கூட யாரிடமும் இல்லை. விம்கோ நகர் என்று மெட்ரோ நிலையத்துக்கே பெயர் வைத்தாகிவிட்டது. அந்தப் பெயருக்குக் காரணமான விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் வாசல் எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால் கையால் காற்றில் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது.

பெரம்பூர் பின்னி மில்லும் அப்படித்தான். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். 1996-இல் ஆலை மூடப்பட்ட பிறகு அங்கே எத்தனையோ சினிமாப் படப்பிடிப்புகள் நடந்தன, அதனால் அதன் உட்புறம் ஊருக்கே தெரியும். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்த தெருவும், சம்பள நாளில் கடன்காரர்கள் காத்திருந்த டீக்கடையும்? ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை எல்லோரும் எடுக்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் அங்கிருந்து புறப்பட்டது, எடுக்க வேண்டியதுதான். அப்படியே திரும்பி நின்று எதிர்ப்பக்கத்தையும் ஒன்று எடுத்தால் என்ன?

இதெல்லாம் வெறும் ஏக்கம் என்று நினைப்பவர்களுக்குக் கடற்கரையைக் காட்டுகிறேன். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. இன்று எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் பார்த்தால் கருங்கல்தான் குவிந்து கிடக்கிறது. அங்கே வலை காயப்போட்டோம், கபடி ஆடினோம், கட்டுமரம் ஏற்றி வைத்தோம் என்று ஆயாக்கள் சொல்கிறார்கள். வீட்டு வாசலுக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு மணல் இருந்தது என்று காட்டுகிற ஒரு படம் தேதியோடு இருந்திருந்தால், மனுவோடு அலைந்த குப்பத்து மக்கள் கையில் அது ஆதாரமாக இருந்திருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்தபோது எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கறை படிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தால் சுவரில் கறை மறைந்துவிடும். அன்றைக்கே கைபேசியில் எடுத்து வைத்தவர்களிடம் அது இன்னும் இருக்கிறது.

எதை எடுப்பது என்று கேட்டால், எங்கள் சந்தில் இருக்கிற அடிகுழாயைச் சொல்வேன். கைபட்டுக் கைபட்டுக் கைப்பிடி வெள்ளியாக மின்னுகிறது. பிடி வழுக்காமலிருக்க சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறார்கள். குடம் வைத்து வைத்துக் கீழே சிமெண்டு மேடையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. அதை நான் எடுக்கப் போனபோது தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதற்கு என்று விளக்கியதும், குழாயை மட்டும் எடுத்துக்கொள் என்று ஒதுங்கி நின்றார். அது அவர் உரிமை. கேட்காமல் ஆட்களை எடுக்கிற வழக்கம் நமக்கும் தொற்றிவிடக் கூடாது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை தெற்கு வடக்காக ஓடுகிறது. ஆகவே மேற்குப் பக்கத்துக் கடைகளைக் காலையில் எடுங்கள், கிழக்குப் பக்கத்துக் கடைகளை மாலையில் எடுங்கள், முகப்பில் வெயில் நேராக விழும். சாய்க்காமல் எடுங்கள், நிறம் மாற்றாதீர்கள். தெருப் பெயர்ப்பலகையோ மின்கம்பமோ ஓரத்தில் தெரியட்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் இடமும் அதிலிருந்து நீங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், மூலப்படத்தை அழிக்காமல் வையுங்கள்.

போகிக்குப் பரண் ஒழிக்கும்போது பழைய ஆல்பங்களைத் தூக்கிப் போடாதீர்கள். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரிகிற தெரு எது, கடை யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். அகஸ்தியாவின் முகப்பு யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டும்.