வெளியேறும்போது கையில் என்ன வரும்?

மட்டக்களப்பில் தனித்திருக்கும் பெற்றோரைச் சிட்னிக்குக் கூப்பிட்டு, ஓய்வுக் கிராமத்தில், அதாவது வயதானவர்களுக்கென்றே நடத்தும் குடியிருப்பில், வீடு எடுத்துக் கொடுப்பது நல்ல முதலீடு என்கிறது ஒரு கட்டுரை. முதலீடு என்ற பேச்சுத்தான் இடிக்கிறது. அங்கே பலரும் காசு கட்டி வாங்குவது வீட்டை அல்ல, குடியிருக்கும் உரிமையை. வெளியேறும்போது அந்தக் காசில் விலகல் கட்டணம் கழிப்பார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன உச்சம் வரை ஆண்டுக்கு ஆண்டு அது ஏறும். எங்கள் மாமி குடும்பம் இதைச் சாவி கொடுக்கிற நேரத்தில்தான் வாசித்தது!

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. குயின்ஸ்லாந்தில் மீதிக் காசு வர 18 மாதம் வரைகூட ஆகலாம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது: பிடிக்கவில்லை என்றால் முதல் 90 நாளுக்குள் விலகல் கட்டணம் இல்லாமல் வெளியேறலாம். இருந்த காலத்துக்கு நியாயமான வாடகை, ஏதும் உடைத்திருந்தால் திருத்தச் செலவு, சிறிய நிர்வாகக் கட்டணம், அவ்வளவுதான். சாதாரணப் பாவனையில் தேய்ந்ததற்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். பெற்றோர் விமானம் ஏறுமுன் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடித்துவிடுகிறோம். பிடிக்காமல் வெளியேறினால் திரும்பி வர ஒரு வீடு இருக்கட்டும்; மட்டக்களப்புக் கல்லடி வீட்டை எழுதுவதோ விற்பதோ, அந்த 90 நாள் கழிந்த பிறகு பார்க்கலாம்.